நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

புதிதாக நூலக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். முகத்துக்கு நேரே புகழ்வதாக நினைக்க வேண்டாம். நான் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அடுக்கிய துணைநூற்பட்டியலை, நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் உங்கள் கணினி அடுக்கிவிடுகிறது. ஆசிரியர் பெயருக்குப் பின்னால் காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்று ஆராய்ச்சி மாணவர்கள் என் மேசை முன் நின்று சண்டை போட்ட காலம் ஒன்று இருந்தது. அது ஒழிந்ததில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

ஆனால் அந்தக் கணினி ஒரு கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை. 'இந்தப் பக்கத்தை நீ பார்த்தாயா?' என்ற கேள்வி அது. அதை நீங்கள்தான் கேட்டாக வேண்டும். கேட்டால் வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், பழகிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரே ஓர் அடிக்குறிப்பைப் பற்றிச் சொல்லப்போகிறேன். ஒரு பெண்ணின் வேலை அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் பின்பாதி. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். நூலகம் இரண்டே அறை. ஜன்னலைத் திறந்தால் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ரப்பர் வேகும் வாசனை வரும், மூடினால் வேர்த்துக் கொட்டும். நான் பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்துபோவேன். பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்த விரிவுரையாளர்கள் பலர் ஆய்வேட்டை முடிக்கிற நேரத்தில் என்னிடம்தான் வருவார்கள். அடிக்குறிப்புகளைச் சரிபார்த்து, துணைநூற்பட்டியலை ஒழுங்குபடுத்தித் தட்டச்சுக்குத் தயாராக்கித் தருவது என் சம்பளத்தில் சேராத வேலை. பிடித்திருந்ததால் செய்தேன்.

அப்படி வந்தவர்களில் பொருளாதாரக்காரர் ஒருவர். பட்டியல் தடிமனாக இருந்தால் தேர்வாளர் மிரண்டுபோவார் என்பது அவர் கணக்கு. பதிப்பகத்து விளம்பரக் கையேட்டைப் பார்த்து நூல் பெயர்களை மளமளவென்று அள்ளிச் சேர்த்துவிட்டார். அதில் ஒரு நூல் 'விரைவில் வெளிவரும்' என்று மட்டும் சொல்லப்பட்டு, வெளிவராமலே போனது. வராத நூலிலிருந்து இவர் பக்க எண்ணோடு மேற்கோளும் காட்டியிருந்தார். தேர்வாளர் சிரித்த சிரிப்பை அவர் ஜென்மத்துக்கும் மறந்திருக்க மாட்டார். பதிப்பகத்தைத்தான் கடைசிவரை திட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கார்டு எழுதிப் பெட்டியில் வைப்பார்கள் அல்லவா? நூலைக் கையில் எடுத்து, அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கார்டின் வலதுமேல் மூலையைக் கத்தரியால் வெட்ட வேண்டும். இன்னொருவர் நூலில் படித்து எழுதியதென்றால் மூலை அப்படியே இருக்கும். பெட்டியைத் திறந்து விரலை ஓட்டினால் போதும், வெட்டாத மூலை விரலில் தட்டும். இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அமுதா எங்கள் கல்லூரியில் வரலாறு சொல்லித்தந்த தற்காலிக விரிவுரையாளர். வீடு பாடியில். அவள் அப்பா மாணிக்கம் சிறுவயதில் அம்பத்தூர் ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு நின்றவர். வயல்கள் மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் ஆன பிறகு பாடியில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டினார். அமுதாவின் ஆய்வு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சுற்றுவட்டார ஏரிகளைப் பற்றியது. சரியாகச் சொன்னால், ஏரிக்கரையில் மண் சுமந்து, மதகைத் திறந்து மூடி, உடைப்பை அடைத்த மனிதர்களைப் பற்றியது. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

ஒருநாள் மதியம் வகுப்பு முடிந்து நேராக வந்து நின்றாள்.

"மேடம், என் கார்டு பெட்டியைக் கொஞ்சம் எடுங்களேன்."

"என்னம்மா ஆச்சு? ஆய்வேடுதான் கொடுத்து முடிச்சாச்சே."

"வெளித் தேர்வாளர் கேள்வி எழுதி அனுப்பியிருக்கார். மூணாம் அத்தியாயத்துல ஏரி அறிக்கையோட நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்னு காட்டியிருக்கேன் இல்ல? அந்தப் பக்கத்துக்கு ஜெராக்ஸ் வேணுமாம். மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும். இல்லைன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துடணுமாம்."

பெட்டியை எடுத்து விரலை ஓட்டினேன். எல்லாம் வெட்டிய மூலைகள். நடுவில் ஒன்று தட்டியது. வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் எழுதிய பழைய ஏரி அறிக்கை, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. கார்டில் அவள் ஒளிக்கவில்லை. ஆனால் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் நேரே பார்த்தவள் போல எழுதிவிட்டாள். எல்லோரும் காட்டுகிற மேற்கோள், தப்பாகவா இருக்கும் என்ற நம்பிக்கைதான்.

அந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததாக எல்லோரும் காட்டியது ஒரே ஒரு வாக்கியம். ஏரி வேலை செய்கிறவர்களுக்குக் அறுவடைக் களத்தில் நெல்லாக அளந்து தரும் பங்கு தருமமாகத் தருவதல்ல, அவர்களுடைய பாத்தியதை, அதாவது உரிமை என்பது அதன் சாரம். அமுதாவின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த வாக்கியத்தின் மேல் நின்றது. அத்தியாயம் போனால் ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், பட்டம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். கல்லூரியில் நிரந்தர இடத்துக்கு நேர்முகத் தேர்வோ அடுத்த மாதம். பட்டம் இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

அவளுடைய நெறியாளரிடம் இருவரும் போனோம். நல்ல மனிதர், பயந்த சுபாவம். தேர்வாளர் யார் என்று அவர் சொல்லக் கூடாது. இருந்தும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அந்தத் துறையில் பெரிய பெயர் பெற்ற பேராசிரியர். அமுதா அந்த மேற்கோளை எடுத்ததே அந்தப் பேராசிரியரின் நூலிலிருந்துதான்.

"அப்புறம் என்னம்மா கவலை? அடிக்குறிப்பை மாத்து. அறிக்கைன்னு போட்ட இடத்துல அவர் புத்தகத்தையே போடு. தன் புத்தகத்தையே அவர் இல்லைன்னு சொல்வாரா?"

"அவர் கேட்டது அவர் புத்தகத்தை இல்லையே சார்" என்றேன் நான்.

"கேட்டதுக்கெல்லாம் நேரா பதில் சொல்லிட்டிருந்தா டிகிரி வாங்க முடியுமா மேடம்?"

"சார், எங்க அப்பாவே அந்தப் பங்கை வாங்கியிருக்கார். அவர் சொன்னதை ஆதாரமா..." என்று அமுதா இழுத்தாள்.

"அப்பா சொன்னார், மாமா சொன்னார்னா ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்றார் அவர், கோபமில்லாமல். அந்தக் காலத்து வழக்கம் அது. எனக்குத்தான் சுருக்கென்றது.

ஆனால் உண்மையைச் சொன்னால், அப்போது என்னைப் பிடித்து ஆட்டியது கோபம் அல்ல. தன் நூலிலேயே காட்டியிருக்கிற பக்கத்துக்கு ஒரு மனிதர் ஏன் ஜெராக்ஸ் கேட்க வேண்டும்? மடக்குவதற்கா? மடக்க நினைத்தால் தானும் சேர்ந்துதானே மாட்டுவார்? இந்தக் கேள்வி வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த அரிப்பு இருக்க வேண்டும். இல்லாதவர்கள் தயவுசெய்து வேறு துறைக்குப் போங்கள்.

மறுநாள் அந்த வாக்கியத்தை எடுத்தாண்ட நூல்கள், கட்டுரைகள் எல்லாவற்றையும் கிடைத்தவரை மேசைமேல் பரப்பினோம். கல்லூரியில் இருந்தவை, அமுதா இரவல் வாங்கி வந்தவை, ஜெராக்ஸ் எடுத்துவைத்தவை. எல்லாவற்றிலும் அதே அறிக்கை, அதே பக்கம். அதுகூடப் பரவாயில்லை. வாக்கியத்தின் நடுவில் சில சொற்களை விட்டுவிட்டு மூன்று புள்ளி வைத்திருந்தார்கள். எல்லா நூலிலும் அதே இடத்தில் அதே மூன்று புள்ளி.

"மேடம், ஒருத்தர்கூட வேற இடத்துல வெட்டலையே" என்றாள் அமுதா.

"மூலத்தைப் பார்த்திருந்தா ஒருத்தராவது ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சு எடுத்திருப்பாங்கம்மா. ஒருத்தர்தான் பார்த்திருக்கார். மத்தவங்க அவரைப் பார்த்திருக்காங்க."

ஆண்டு வாரியாக அடுக்கியபோது அந்த ஒருவர் கிடைத்தார். எல்லாவற்றிலும் மூத்த நூல் அவருடையது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் போய்க் கேட்க வழியில்லை. பிறகு எனக்கு இன்னொரு ஆசை முளைத்தது. அந்த மூன்று புள்ளிக்கு அடியில் என்ன இருக்கிறது? எதை வேண்டாம் என்று விட்டார்? இதற்கும் அமுதாவின் வேலைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அறிக்கை நகரத்தில் ஒரு பழைய நூலகத்தில் இருந்தது. இருவரும் விடுப்புப் போட்டுவிட்டுப் போனோம். புத்தகம் மேசைக்கு வந்ததும் அமுதா நேராக நூற்றுப் பன்னிரண்டைத் தேடிப் புரட்டினாள். பின்னட்டை வந்துவிட்டது. திரும்பப் புரட்டினாள். அறிக்கை எழுபத்துச் சொச்சம் பக்கத்தோடு முடிந்திருந்தது. கிழிந்திருக்கிறதா என்று தையலைப் பிரித்துப் பார்க்காத குறையாகப் பார்த்தேன். கிழியவில்லை. கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. முழு அறிக்கையையும் வரிக்கு வரி படித்தோம். வெள்ளைக்காரர் மதகின் அகலத்தையும் கரையின் உயரத்தையும் எழுதியிருந்தார். களத்துப் பங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அமுதா புத்தகத்தை மூடிவிட்டுக் கைகளை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப யாருமே சொல்லலையா மேடம்? இத்தனை பேரும் இல்லாத ஒண்ணையா சொல்லிட்டிருக்காங்க?"

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் பாடியில் இறங்கினேன். முதல் ஷிஃப்ட் முடிந்து அவள் அப்பா நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை. எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"இன்னாம்மா, கெட்ச்சிதா?"

"இல்லப்பா. அந்தப் பக்கமே புத்தகத்துல இல்ல. அத்தியாயத்தை எடுக்கச் சொல்லிடுவாங்க."

"இன்னாத்துக்கு எடுக்கணும்? களத்துல எனுக்கு மரக்கால்ல அளந்து போட்டத நானே வாங்கிகினு வந்துக்கீறேன். கெஞ்சிலாம் வாங்கல. நின்னு கேட்டு வாங்குனோம். அத்த எய்து."

"நீ சொன்னா ஆதாரம் இல்லையாம்பா."

அவர் என்னைப் பார்த்தார். படித்தவள் நான் ஏதாவது மாற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துன்ன சோறு நெசம், ஆனா ஆதாரம் இல்ல. நல்லா கீது ஞாயம்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது.

இதுதான் நீங்கள் எல்லோரும் ஒருநாள் நிற்கப்போகிற இடம். தேடியது இல்லை, கெடு நெருங்குகிறது, கூட இருப்பவர்கள் ஆளுக்கொரு குறுக்குவழி சொல்கிறார்கள். நெறியாளர் மறுபடி ஆளனுப்பினார், பேராசிரியர் புத்தகத்தைப் போட்டு முடித்துவிடச் சொல்லி. அமுதாவும் பாதி மனதோடு சரி என்றுவிட்டாள். பொய் ஒன்றும் இல்லை, பேராசிரியர் நூலில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வாக்கியம் எங்கேயும் இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படிப் போட்டால் அது என்ன கணக்கு? ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். எனக்கு இருந்த ஒரே பிடி இதுதான்: ஒரு மனிதர் பக்க எண்ணை எதற்காகக் கற்பனை செய்வார்? கருத்தைக் கற்பனை செய்வார்கள், நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியவர் நூற்றுப் பன்னிரண்டு என்று எதிலோ கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

காலையில் வந்ததும் அந்த மூத்த நூலை எடுத்து முன்னுரையைப் படித்தேன். முன்னுரையின் கடைசியில் வரும் நன்றி அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. மனைவிக்கு நன்றி, தட்டச்சருக்கு நன்றி என்று போகும். இதிலும் அப்படித்தான் போனது. நடுவில் ஓர் அரை வரி: பூந்தமல்லியில் உள்ள அரசு அலுவலகம் ஒன்றின் பழைய பதிவறையில் உட்கார்ந்து படிக்க அனுமதி தந்தவர்களுக்கு நன்றி. அவர் அறிக்கையைப் படித்தது நகரத்தில் அல்ல. எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே படித்திருக்கிறார். தயவுசெய்து நன்றி அறிவிப்புகளைப் படியுங்கள். எழுதியவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார் என்பது அங்கேதான் இருக்கும்.

அன்றைக்கே பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினோம். அலுவலகத் தலைவருக்குக் கல்லூரி முதல்வரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிப் போயிருந்தேன். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, இன்னும் இப்படி ஒரு அறை இருக்கிறதா என்கிற மாதிரி பியூனைப் பார்த்தார். எல்லோரும் 'அண்ணாத்தே' என்று கூப்பிட்ட பதிவறை ஊழியர் ஒருவர் எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார்.

"இன்னா புக்கு வோணும் ஒங்களுக்கு? இங்க பொஸ்தகம் பாக்க யாரும் வர்றதில்லியே."

பெயரைச் சொன்னேன்.

"ஏரி பைண்டிங்கா? கீது. மேல கீது, வெயிட்டு ஜாஸ்தி. குந்துங்க, எடுத்துகினு வரேன்."

அவர் தூக்கி வந்து போட்டபோது மேசை ஆடியது. முதுகில் பொன்னெழுத்தில் அதே அறிக்கையின் பெயர். ஆனால் நகரத்தில் பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தடிமன்.

திறந்தால் விஷயம் புரிந்தது. அந்த அலுவலகத்தில் மெல்லிசான வெளியீடுகளைத் தனித்தனியே பைண்டு செய்யாமல், ஏரி சம்பந்தமான எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்து ஒரே அட்டை போட்டிருந்தார்கள். முதலில் இருந்த அறிக்கையின் பெயரை மட்டும் முதுகில் அடித்திருந்தார்கள். யாராவது ஒரு தாளைக் கிழித்தால் தெரிய வேண்டும் என்பதற்காக, முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாக ஒரு எண் முத்திரை. ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் ஊதா மையில் குத்தியிருந்தது. அறிக்கை முதலில் இருந்ததால் அதுவரை அச்சு எண்ணும் ஊதா எண்ணும் ஒன்றாகவே போயின. அறிக்கை முடிந்த பிறகும் ஊதா எண் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

அமுதா பக்கங்களைத் தள்ளினாள். காகிதம் மாறியது, எழுத்து மாறியது. நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினாள்.

அது அறிக்கை அல்ல. சின்ன அளவில், மலிவான தாளில் அச்சிட்ட ஆங்கில விண்ணப்பம். அம்பத்தூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த ஏரிக் கூலியாட்கள், தங்களுக்குக் களத்தில் அளந்துவந்த பங்கை நிறுத்தியதை எதிர்த்து மேலிடத்துக்குக் கொடுத்தது. யாரோ ஒரு வக்கீலோ குமாஸ்தாவோ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வாக்கியம் பக்கத்தின் நடுவில் இருந்தது. மூன்று புள்ளி இல்லாமல் முழுதாக இருந்தது.

அமுதா அதை விரலால் தொட்டுத் தொட்டு, தமிழாக்கி மெல்லப் படித்தாள். "களத்தில் அளக்கும் பங்கு, எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் வாங்கி வருகிற பங்கு, யாரும் செய்யும் தருமம் அல்ல, பாத்தியதை."

அந்த மூத்த அறிஞர் புள்ளி வைத்து விட்டது எதை என்று பார்த்தீர்களா? அப்பன் பாட்டனை விட்டார். நாங்கள் என்பதை விட்டார். இடம் மிச்சம் என்று நினைத்திருக்கலாம். குறிப்பெடுத்துப் போய், பிறகு எழுத உட்காரும்போது முதுகில் பார்த்த பெயர் மட்டும் நினைவில் நின்றிருக்கலாம். அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல், வெளிச்சமும் சுமார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நாங்கள் என்று சொன்னவர்கள் போய், அந்தச் சொல் இத்தனை காலமாக வெள்ளைக்காரர் கணக்கில் இருந்துவந்தது.

"மேடம், இவங்களேதான் சொல்லியிருக்காங்க" என்றாள் அமுதா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

புத்தகம் வெளியே போகக் கூடாது என்றார் தலைவர். "நான் கூட எடுத்துகினு போயி எடுத்துகினு வந்துர்றேன் சார்" என்று அண்ணாத்தே அதைத் தோளில் தூக்கிக்கொண்டார். பஜாரில் ஜெராக்ஸ் கடைவரை எங்களுக்கு முன்னால் நடந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் எடுக்கவில்லை. விண்ணப்பத்தின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், தொகுப்பின் முதுகு, அறிக்கை முடிகிற பக்கம் எல்லாம் எடுத்தோம். ஒரு பக்கத்துக்கு ஆதாரம் அந்தப் பக்கம் மட்டும் அல்ல, அது எதற்குள் இருக்கிறது என்பதும்தான். இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர் பிரதிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், அடுத்த நிமிஷமே வேர்த்தார்.

"இதை அனுப்பினா, உங்க புத்தகம் தப்புன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி ஆகாதா?"

"தப்புன்னு எங்கேயும் எழுத மாட்டோம் சார். பக்கம் இங்க இருக்கு, அது இதுன்னு மட்டும் சொல்வோம். மிச்சத்தை அவரே பார்த்துப்பார்."

"அப்ப இந்தப் பொண்ணு மூலத்தைப் பார்க்காம எழுதினது தெரிஞ்சுடுமே?"

அமுதாவைப் பார்த்தேன். இது அவள் சொல்ல வேண்டிய பதில்.

"தெரியட்டும் சார். முன்னாடி பார்க்கலை, இப்ப பார்த்துட்டேன். அதையும் எழுதிடறேன்" என்றாள்.

பிறகு துணைநூற்பட்டியல். விண்ணப்பத்துக்கு ஆசிரியர் யார்? நெறியாளர் 'ஆசிரியர் பெயர் இல்லை' என்று போடச் சொன்னார். கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கைநாட்டு என்று அச்சாகியிருந்தது. பெயர் எழுதத் தெரியாதவர்கள் பெயர் இல்லாதவர்கள் அல்ல. அத்தனை பேரையும் தலைப்பில் போட இடமில்லை. அதனால் அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொண்டார்களோ அப்படியே, ஊரை முன்னால் வைத்து, 'அம்பத்தூர் மற்றும் சுற்றியுள்ள ஊர்களின் ஏரிக் கூலியாட்கள்' என்று ஆங்கிலத்தில் ஆசிரியர் இடத்தில் எழுதினேன். அன்று மாலையே எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அந்தக் கார்டின் மூலையை அமுதா என் கண் எதிரே வெட்டினாள்.

வாய்மொழித் தேர்வான வைவாவுக்குத் தேதி மட்டும் பதிலாக வந்தது, வேறு ஒரு வார்த்தை இல்லை.

வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அமுதாவின் அப்பா அன்றைய ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு, துவைத்த வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேராசிரியர் மேசையில் எங்கள் ஜெராக்ஸைப் பரப்பிவைத்திருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். முதல் கேள்வியே அதுதான்.

"இந்த வாக்கியத்தை எடுத்தாண்ட ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தரையும் நான் இதைக் கேட்டிருக்கேன். பக்கத்தைக் காட்டுங்கன்னு. என்ன காட்டினாங்க தெரியுமா? என் புத்தகத்தையே எனக்குக் காட்டினாங்க."

நெறியாளர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

"நானும் பார்த்ததில்லைம்மா. இளவயசுல இன்னொருத்தர் புத்தகத்துலேர்ந்து எடுத்துப் போட்டுட்டேன். அப்புறம் அறிக்கையைப் பார்த்தா அது எழுபது பக்கத்துலயே முடிஞ்சு போச்சு. அன்னியிலேர்ந்து தேடறேன். கண்டுபிடிச்சா யாராவது ஒரு சின்னப் பிள்ளைதான் கண்டுபிடிக்கும்னு நினைச்சேன்." ஜெராக்ஸை அவள் பக்கம் தள்ளினார். "புள்ளி இல்லாம படிங்க. தமிழ்லயே படிங்க."

அமுதா எழுந்து நின்று படித்தாள். எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து என்ற இடத்தில் நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தாள். மறுபடி குனிந்து படித்து முடித்தாள். என் பக்கத்தில் மாணிக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பட்டத்துக்குப் பரிந்துரைத்திருப்பதாக அறிவித்தார்கள். கைதட்டல், கேசரி, காபி. பேராசிரியர் போகும்போது, தன் நூலின் அடுத்த பதிப்பில் அந்த அடிக்குறிப்பை மாற்றி, கண்டுபிடித்தவர் என்று அமுதாவின் பெயரைப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போட்டார், நான் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கல்லூரியின் நிரந்தர இடமும் அவளுக்கே கிடைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு மாணிக்கம் மேசைமேல் இருந்த, திருத்திய ஆய்வேட்டை எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. பொழுதுக்கும் சட்டைப் பையில் இருக்கும் கம்பெனி கார்டின் முகவரியில் அச்சடித்திருந்த ஒரே ஒரு ஆங்கிலச் சொல் மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தது. பின்னாலிருந்து புரட்டிக்கொண்டு வந்தவர் துணைநூற்பட்டியலின் முதல் பக்கத்தில் நின்றார். முதல் வரியில் விரலை வைத்தார்.

"இது அம்பத்தூர் தான?"

"ஆமாங்க. அன்னைக்கு விண்ணப்பம் போட்டவங்க. உங்க ஆளுங்கதான்."

"வெள்ளக்காரன் எங்க கீறான்?"

கீழே எங்கோ இருந்த பொறியாளரின் பெயரைக் காட்டினேன். அவர் கீழே பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார்.

"மேலயா போட்டுக்கீறீங்க நம்ம ஆளுங்கள?"

"நான் போடலைங்க. எழுத்து வரிசைப்படி அடுக்கினா அவங்கதான் முதல்ல வருவாங்க."

அவர் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"யாரு போட்டா இன்னாம்மா, வரிசயா நிக்க வெச்சி ஒருவாட்டியாவது மொதல்ல கூப்ட்டாங்களே" என்றார்.